வாங்குகிறவர் யார்?

தலையங்கத்துக்கு முன்னால் சிறு விளம்பரங்களைப் படிப்பது என் வழக்கம். மனிதர்கள் தங்கள் சாமானைப் பற்றி எழுதும்போதுதான் தங்களைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். இதற்கு அமெரிக்காவில் பழைய வேட்டைத் துப்பாக்கிகளை விற்போரின் விளம்பரங்கள் நல்ல உதாரணம்.

பழைய ரைபிளுக்கு விலை வைப்பது லேசான காரியமன்று. குழாயின் உட்புறம் தேய்ந்திருக்கிறதா, கட்டையில் வெடிப்பு உண்டா என்றெல்லாம் பார்க்க வேண்டும். பழசை மெருகேற்றிப் புதிதாக்கினால் விலை உயரும் என்று எண்ணுவது பேதைமை; சேகரிப்போர் ஆதியில் இருந்த பூச்சையே விரும்புவதால் விலை குறைந்தும் போகும். 'வின்செஸ்டர் 70' என்று ஒரு ரைபிள் உண்டு. செலவைக் குறைக்க வேண்டி 1964-ல் அதன் அமைப்பை மாற்றினார்கள். வேட்டைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆகவே, '1964-க்கு முந்தியது' என்று விளம்பரத்தில் போட்டால் போதும், இன்றும் விலை ஏறிவிடுகிறது!

ரைபிளின் மேல் பொருத்தும் தூரதிருஷ்டிக் கண்ணாடியின் கதை வேறு. துப்பாக்கியோடு சேர்த்து விற்றால் அதற்குக் கொடுத்த பணம் திரும்புவது அரிது. விவரமறிந்தவர்கள் அதைக் கழற்றித் தனியே விற்கிறார்கள்.

இவையெல்லாம் சாமானைப் பற்றிய ஆராய்ச்சி. வாங்குகிறவரைப் பற்றி ஆராய்வது யார்?

1963-ம் வருஷம் பிப்ரவரி மாதத்துத் துப்பாக்கிப் பத்திரிகை ஒன்றில், சிக்காகோ நகரத்துக் கடை ஒன்று விளம்பரம் செய்திருந்தது. இத்தாலிய ராணுவம் கழித்துவிட்ட பழைய ரைபிள் பதின்மூன்று டாலருக்கும் குறைவு; கண்ணாடியோடு சேர்த்து 19 டாலர் 95 ஸென்ட். இருபதுக்கு ஐந்து ஸென்ட் குறைத்து வைக்கும் அந்தச் சாமர்த்தியம் நம் கடைவீதிக்கும் தெரிந்ததுதான். ஒருவன் விளம்பரத்தோடு இருந்த சீட்டைக் கத்தரித்து, பொய்ப் பெயர் எழுதி, தபால் செலவு உட்பட 21 டாலர் 45 ஸென்டுக்கு மணியார்டர் அனுப்பினான். மார்ச் மாதத்தில் டல்லாஸ் நகரத் தபால் பெட்டி ஒன்றின் விலாசத்துக்குச் சரக்கு போய்ச் சேர்ந்தது. அவன் பெயர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அந்த ரைபிளால்தான் அவன் நவம்பர் 22-ந் தேதி ஜனாதிபதி கென்னடியைச் சுட்டான் என்று வாரன் கமிஷன் 1964-ல் தீர்மானித்தது.

கடைக்காரர் அன்றைய சட்டத்தை மீறவில்லை. பணம் வந்தது, சரக்கு போயிற்று. தபால் மூலம் துப்பாக்கி வாங்குவதற்கு 1968-ல்தான் சட்டம் வேலி போட்டது. லைசென்ஸ் பெற்ற வியாபாரிகள் வாங்குபவரின் பூர்வ சரித்திரத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்ற சட்டம் 1993-ல் பிறந்தது. ஆனால் ஒரே மாகாணத்தில் வசிக்கும் இரு தனி மனிதர்கள் தங்களுக்குள் விற்று வாங்கும்போது, மத்திய சட்டம் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கவில்லை. சில மாகாணங்கள் மட்டும் தாமாகவே அதை விதித்திருக்கின்றன.

பாத்திரமறிந்து பிச்சையிடு என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வார்கள். ஒரு பிடி அரிசிக்கே அந்த யோசனை வேண்டுமென்றால் துப்பாக்கிக்கு எத்தனை வேண்டும்?

நல்ல வேளையாக, சட்டம் வற்புறுத்தாத இடத்திலும் சில அமெரிக்கர்கள், 'லைசென்ஸ் உள்ள வியாபாரி மூலமாகவே கைமாற்றித் தருவேன்' என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரியால் வாங்க வருபவர்களில் சிலர் விலகிப் போகலாம். விலையும் சற்று இறங்கலாம். இறங்கட்டுமே! அந்த விளம்பரம் முழுவதிலும் நான் மதிப்பது அந்த வரியைத்தான்.