அட்டவணையும் பழி சுமப்பவனும்

பெரிய மோட்டார் வண்டி ஒன்றுக்கு எப்பொழுது எண்ணெய் மாற்றுவது என்பது ஒரு முற்போக்கு ஏட்டில் பேசத்தக்க விடயமா என்று நண்பர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். செவ்ரோலே டாஹோ வாங்கும் வசதி படைத்தவன் தன் எண்ணெயைத் தானே பார்த்துக்கொள்ளட்டுமே என்பது அவர்கள் வாதம். அவ்வண்டி முதற் சொந்தக்காரனோடு மடிந்துபோவதில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அது இரண்டாம், மூன்றாம் கைக்கு மாறும். ரக்சி ஓட்டுபவனும் சில்லறை ஒப்பந்தக்காரனும் அதை வைத்துப் பிழைப்பார்கள். கைந்நூலிலுள்ள பராமரிப்பு அட்டவணை யாருடைய நலன் கருதி எழுதப்பட்டது என்ற கேள்வி அவர்களுடைய சோற்றைத் தொடுகிறது.

அட்டவணையைக் கிழித்தெறியுங்கள் என்று நாம் கூறவில்லை. ரயர்களை இடம் மாற்றுவதும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் எண்ணெய் மாற்றுவதும் செய்தே தீரவேண்டியவை. வண்டியைக் கவனியாது ஓட்டுவது புரட்சியாகாது. நாம் எதிர்ப்பது, "சொன்னபடி செய்தவனுக்குக் கேடில்லை, கெட்டுப்போனால் அவன் செய்யத் தவறியிருப்பான்" என்ற சௌகரியமான தத்துவத்தையே.

2025 ஏப்ரிலில் ஜெனரல் மோட்டோர்ஸ் கொம்பனி, 6.2 லீற்றர் எஞ்சின் பூட்டிய 2021 முதல் 2024 வரையான டாஹோ, சபர்பன், யூக்கொன், எஸ்கலேட் வண்டிகளையும் அதே எஞ்சின் கொண்ட பிக்கப்களையும் திருப்பி அழைத்தது. ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் அவற்றின் தொகை ஏறத்தாழ 6 இலட்சம். கிராங்க் தண்டின் அளவிலும் மேற்பரப்பு மெருகிலும் பிழை; எண்ணெய் ஓடும் வழிகளிலே தொழிற்சாலையிலிருந்தே தங்கிவந்த கசடு. பெயரிங் அழிந்து, ஓடிக்கொண்டிருக்கையிலேயே எஞ்சின் செத்துவிடும். இவ்வகை முறைப்பாடுகள் 28,000க்கு மேல் வந்தனவென்று கொம்பனியின் சொந்த விசாரணையே கண்டது.

பரிகாரம் என்ன? சோதனையில் தோற்ற எஞ்சின் திருத்தப்படும், அல்லது மாற்றப்படும். தேறிய எஞ்சினுக்கு 0டபிள்யூ-20 எண்ணெய்க்குப் பதிலாகத் தடித்த 0டபிள்யூ-40, புதிய வடிகட்டி, எண்ணெய் ஊற்றும் வாய்க்குப் புதிய மூடி, கைந்நூலிற் செருகிக்கொள்ள ஒரு தாள்! வாசகர்கள் அந்தத் தாளைக் கவனிக்கவேண்டும். நேற்றுவரை வேதவாக்காயிருந்த வரி அதனால் அடிக்கப்பட்டது. மெல்லிய எண்ணெய் உராய்வைக் குறைத்து எரிபொருட் கணக்கைச் சற்று அழகாகக் காட்டும். குற்றம் உலோகத்தில் என்கிறார்கள். மருந்தை எண்ணெயில் வைக்கிறார்கள். வரிக்கு வரி அட்டவணையைப் பின்பற்றியவனுக்கும் அதே எஞ்சின்தான் கிடைத்திருந்தது.

இனி அட்டவணைக்குள்ளேயே புகுவோம். அதில் இரண்டு உலகங்கள்: "சாதாரணப் பாவனை", "கடும் பாவனை". வெப்பத்தில் நகர நெரிசல், மலைப்பாதை, அடிக்கடி இழுவை வண்டி இழுத்தல், ரக்சி, பொலிஸ், விநியோக வேலை ஆகியவை கடும் பாவனையாம். விளம்பரமோ வண்டியை மலையுச்சியில் நிறுத்தி, பின்னால் படகொன்றையும் கட்டிக் காட்டுகிறது. எதற்காக விற்கிறார்களோ அதுவே விதிவிலக்கென்றால், விதி யாருக்கு?

கியர்பெட்டி எண்ணெயின் கதை இதனினும் வேடிக்கை. ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் பெரிய வண்டிகள் பலவற்றுக்குக் கியர்பெட்டி செய்துகொடுப்பது. 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் எண்ணெயை மாற்றுமாறு அது கூறுகிறது. அதே பெட்டியைப் பூட்டி விற்கும் வண்டிக் கொம்பனிகள் சில, அது "ஆயுட்கால எண்ணெய்" என்று சொல்லி அட்டவணையில் இடமே விடவில்லை. எவருடைய ஆயுள்? செவ்ரோலேயின் எஞ்சின், கியர்பெட்டி உத்தரவாதம் 5 ஆண்டு அல்லது 60,000 மைல். ஏனைய கொம்பனிகளின் கணக்கும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. அதற்கப்பால் பெட்டி உடைந்தால் செலவு மூன்றாவது சொந்தக்காரனுடையது. முதலாமவனுக்குக் காட்டப்பட்ட குறைந்த பராமரிப்புச் செலவின் மிச்சம் அது.

அட்டவணையில் "பரிசோதிக்க" என்று வரும் வரிகளும் உண்டு. அமெரிக்க விற்பனை நிலையங்களிலே மெக்கானிக்குகள் பலருக்கு உழைத்த மணிக்குக் கூலி இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஏட்டில் எழுதிய மணிக்கே கூலி. உத்தரவாத வேலைக்கு எழுதப்படும் மணி பெரும்பாலும் இன்னுங் குறைவு. வண்டிக்கடியிற் படுத்து ஒவ்வொரு குழாயையும் கையால் தடவிப் பார்ப்பவன் அன்று பட்டினி கிடக்கவேண்டும். பரிசோதனைக் கட்டத்தில் விழும் புள்ளடியை அவனுடைய சோம்பலென்று சொல்பவர்கள் அந்தக் கூலிமுறையை ஒருநாள் அனுபவித்துப் பார்க்கட்டும்.

1975ஆம் ஆண்டின் மக்னசன்-மொஸ் சட்டப்படி, கொம்பனியின் நிலையத்திலேதான் சேர்விஸ் செய்யவேண்டுமென்று அங்கு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஒழுங்கையிலுள்ள கராஜிலும் செய்யலாம். வீட்டு முற்றத்திலும் செய்யலாம். ரசீதுகளை மட்டும் பத்திரப்படுத்தவேண்டும். எஞ்சின் உடைந்து உத்தரவாதம் கேட்டுப் போகிறவனிடம் அந்த ரசீதுகளைக் கேட்பார்கள். கேட்கட்டும். கிராங்க் தண்டின் எண்ணெய் வழிகளிலிருந்து கசடு கழுவப்பட்டதாக எழுதிவைத்த தொழிற்சாலை ஏட்டையும் அதே மேசையில் வைக்குமாறு நாம் கேட்கிறோம்.