சுமப்பவனும் சுமக்க வைப்பவனும்

கஞ்சாப் பொட்டலத்துடன் சிறுவன் பிடிபட்டான் என்ற செய்தியைப் படித்ததும் நாம் நிறைவடைகிறோம். அந்த நிறைவே ஆபத்தானது.

போடியிலிருந்து விடியுமுன் ஏலத்தோட்டத்து ஜீப்பில் மலையேறும் பெற்றோர் பொழுது சாய்ந்தே வீடு திரும்புகின்றனர். இடையில் தனித்திருக்கும் பிள்ளையைத்தான் வியாபாரி தேடுகிறான். முதலில் இலவசமாகத் தருவான், பின்பு கடனாளியாக்குவான், முடிவில் சுமக்க வைப்பான்.

தமிழகக் காவல்துறை 2022-இல் ‘கஞ்சா வேட்டை 2.0’ நடத்தியது. வேட்டை தேவையே, ஆயினும் கைதானோரின் தொகை மட்டும் வெற்றிக்கு அளவுகோல் ஆகாது. போதைப்பொருளைக் கடத்தச் சிறாரைப் பயன்படுத்துவோருக்கு, 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு 7 ஆண்டுவரை கடுங்காவல் விதிக்கிறது. சிறிதளவு வைத்திருந்து பிடிபட்ட அடிமை தானே முன்வந்து சிகிச்சை பெற்றால், 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64அ பிரிவு அவனை வழக்கினின்று காக்கிறது. சட்டம் காட்டும் இந்த வேறுபாட்டை நாம் காண மறுக்கிறோம்.

“யார் கொடுத்தது?” என்பதே சிறுவனிடம் கேட்கும் முதற் கேள்வியாகட்டும். அக்கேள்வி முதலிட்டவனின் வாயிலை எட்டும்வரை வேட்டை முடிந்ததாகாது. நமக்கும் கடமையுண்டு: குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு விலகிப் போனவர்கள் ஆலயத்திற்குரியவர்களே என்பதை மறவாதிருப்போம்.