கடையில் குடிமகன், சபையில் அந்நியனா?

தோட்டத் தொழிலாளி வரி செலுத்தாதவன். ஆதலால் வரிப்பணத்தில் பங்கு கேட்க அவனுக்கு உரிமையில்லை என்று பேசுவோர் சப்பிரகமுவ மாகாணத்தில் இன்றும் உளர். படித்தவர் நாவிலும் இப்பேச்சு வருவதுதான் வேதனை. இது உண்மைதானா? கணக்கைப் பார்த்துத் தீர்ப்புக் கூறுவோம்.

வருமான வரி அவன் செலுத்துவதில்லை என்பது மெய்யே. 2025 ஏப்பிரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாவரை உழைப்போருக்கு அவ்வரி இல்லை. 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபா என நிர்ணயிக்கப்பட்ட கொழுந்து பறிப்பவள் அந்த எல்லையை எங்ஙனம் எட்டுவாள்? ஆனால், வரி என்பது வருமான வரி மட்டுந்தானா?

ஒரு சவர்க்காரக் கட்டியை எடுத்துக்கொள்வோம். உள்நாட்டுத் தொழிற்சாலையில் அதன் அடக்கமும் இலாபமும் சேர்ந்து 100 ரூபா என்க. 2022 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடு நூற்றுக்கு 2.5. உற்பத்தியாளரின் புரள்வில் நூற்றுக்கு 85 பங்கின்மேல் அது விதிக்கப்படுவதால், இங்கே ஏறத்தாழ 2 ரூபா 12 சதம். இவ்விரண்டும் சேர்ந்த தொகையின்மேல், 2024 சனவரி முதல் நூற்றுக்கு 18 ஆக உயர்ந்த பெறுமதி சேர் வரி ஏறுகிறது. கட்டியின் விலை 120 ரூபா 50 சதமாகிறது. பண்டத்தின்மேல் வரி, அந்த வரியின்மேலும் வரி! இதுவும் முடிவன்று. பெரிய மொத்த வியாபாரி தன் புரள்வின் ஒரு பகுதிக்கு அதே அறவீட்டை மறுபடியும் செலுத்த வேண்டும். முன்னவர் செலுத்தியதைக் கழித்துக்கொள்ள இடமில்லை. தெரணியகலையிலோ இறக்குவானையிலோ உள்ள சிறு கடைக்காரர் வரிப் பதிவு பெற்றவரல்லர். அவர் கொடுத்த வரி முதலோடு முதலாகி, அதன்மேல் இலாபமும் ஏறி, லயத்து அடுப்படிக்கு வந்து சேர்கிறது. வரிப் பதிவு பெற்ற கடையில் வரி விதிக்கப்பட்ட பண்டங்களை ஒருத்தி 500 ரூபாவுக்கு வாங்கினால், பெறுமதி சேர் வரி மட்டுமே அதில் ஏறத்தாழ 76 ரூபா. அதே பண்டங்களைத் தோட்டத் துரையின் வீட்டார் வாங்கினாலும் 76 ரூபாதான். இதுவா சமநீதி?

“அரிசிக்கும் பாணுக்கும் விலக்கு அளித்தோமே!” என்பர் ஆட்சியாளர். விலக்கு என்பது அப்பண்டங்களின் விற்பனைக்கு மட்டும். அரிசியைச் சுமந்து மலையேறும் லொறியின் டீசலுக்கும், பாண் சுடும் பேக்கரியின் எரிவாயுவுக்கும் 2024 சனவரியில் வரி வந்தது. விலக்குப் பெற்ற பண்டத்தை விற்பவர், தாம் கொடுத்த வரியை மீளப் பெற முடியாது. விலையில் ஒளித்துத்தான் விற்பார். வாயிலை அடைத்துவிட்டுப் புறக்கடையைத் திறந்துவிடும் விலக்கு இது!

இனி, கொடுத்த வரி எங்கே போயிற்று? 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மொத்த, சில்லறை விற்பனையின் புரள்வு வரியை மாகாணத்துக்கு உரியதென எழுதிற்று. 2011இல் கொழும்பு அதைத் தன் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரிக்குள் அடக்கி, அதன் வருவாயில் மூன்றிலொரு பங்கை மாகாணங்களுக்குத் தருவதாக ஏற்பாடு செய்தது. 2019 திசெம்பரில் அந்த வரியே ஒழிக்கப்பட்டது, பங்கும் போயிற்று. 2022இல் விற்பனையின்மேல் புதிய அறவீடு வந்தது, மத்திய அரசின் அறவீடாக! கேட்பதற்கு மாகாண சபையாவது இருந்ததா? சப்பிரகமுவ மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தபின், மக்கள் வாக்களித்த சபைக்குப் பதிலாக ஆளுநரின் ஆட்சியே தொடர்ந்தது.

பிரதேச சபையின் கதை இன்னும் கொடிது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. 2018இல் அது திருத்தப்படும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, தோட்டத்து மக்கள் வாக்களித்த சபையே அவர்களின் பாதைக்கும் குடிநீருக்கும் “சட்டம் இடந்தராது” என்று விடை கூறிற்று. 1948இல் குடியுரிமையையும் 1949இல் வாக்குரிமையையும் இழந்த காலத்திலும் கடையில் அவர்களுக்கு வரிவிலக்கு எவரும் அளிக்கவில்லை. கொடுக்கும்போது குடிமகன், கேட்கும்போது அந்நியன்!

1953 ஓகத்தில், பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது நாடே ஹர்த்தாலில் எழுந்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்கா பதவி துறந்தார். அன்று சுமை கண்ணுக்குத் தெரிந்தது. இன்று அது விலைக்குள் ஒளிந்திருக்கிறது. தெரியாத சுமையை எதிர்ப்பவர் யார்? இந்தியாவில் 2017 முதல் வரிப் பதிவு பெற்ற கடைகள் தரும் பற்றுச்சீட்டில், சரக்கு சேவை வரியின் மத்திய பங்கும் மாநிலப் பங்கும் தனித்தனியே அச்சாகின்றன. வாங்குபவன் எவருக்கு எவ்வளவு கொடுத்தான் என்பதை அறிகிறான். இங்கே ஏன் இயலாது?

ஆகவே நாம் கேட்பவை நான்கு. பற்றுச்சீட்டில் வரிகள் யாவும் தமிழிலும் சிங்களத்திலும் தனித்தனியே காட்டப்படுக. அன்றாட உணவுக்குப் பெயரளவு விலக்கன்று, உள்வரியை மீளத் தரும் பூச்சிய வீதம் வழங்கப்படுக. மாகாண சபைத் தேர்தல் நடத்தப்பட்டு, விற்பனை வரியில் மாகாணத்தின் பங்கு மீட்கப்படுக. 2025 மே மாதத்தில் தெரிவான பிரதேச சபைகள், தோட்டப் பிரிவு ஒவ்வொன்றிலும் செலவிட்ட தொகையை ஆண்டுதோறும் தமிழில் வெளியிடுக.

வழக்கறிஞரே, ஆசிரியரே, தேயிலைச் சிறுதோட்ட உழவரே! இது லயத்தின் வழக்கு மட்டுமன்று. நீங்கள் வாங்கும் சவர்க்காரத்திலும் அதே வரிதான் இருக்கிறது. அடுத்த சபைக் கூட்டத்துக்குக் கடைச்சீட்டோடு செல்லுங்கள். வரி செலுத்தியோன் இரப்பவனல்லன். கணக்குக் கேட்கும் உரிமையுடையோன். கேளுங்கள்!