எடை போட்டார்களே, ஏடு எங்கே?

பிள்ளை பிறந்ததும் என்ன செய்கிறார்கள்? தொப்புள்கொடியை அறுத்து, துடைத்து, தராசிலே கிடத்துகிறார்கள். "ரெண்டே கால் கிலோ" என்கிறார் நர்சம்மா. வெளியே பெஞ்சிலே காத்திருக்கும் தகப்பன் "ஆணா, பெண்ணா?" என்று கேட்கிறானே தவிர, எடை என்ன என்று கேட்பதில்லை. அந்த ரெண்டே கால் கிலோ ஓர் ஏட்டிலே ஏறுகிறது. அதன் பிறகு அந்த ஏடு என்ன ஆகிறது? அதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது, தோழர்களே!

அருப்புக்கோட்டையில் தறி ஓட்டும் தோழர்கள் டீக்கடையிலே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏண்ணே, சர்க்கரை வியாதி பணக்கார வியாதிங்கிறாங்க. விலா எலும்பு எண்ணலாம் போல இருக்கிற எனக்கு எப்படிண்ணே வந்துச்சு?" கேட்கிறவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிராது. திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவரும் இதையே கேட்கிறார். நரிக்குடிப் பக்கம் ஆடு மேய்ப்பவரும் இதையே கேட்கிறார். கொழுத்தவனுக்கு வர வேண்டிய நோய் உழைத்தவனுக்கு ஏன் வந்தது? வேடிக்கையான கேள்வி அல்ல இது. விஞ்ஞானிகள் ஐம்பது ஆண்டுகளாக மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி.

விடையின் ஒரு பகுதி கிடைத்தது எங்கே தெரியுமா? ஒரு மருத்துவச்சியின் பழைய ஏட்டிலே! இங்கிலாந்து நாட்டின் ஹெர்ட்ஃபோர்டுஷயர் என்ற மாவட்டத்திலே, 1911-ஆம் ஆண்டு தொடங்கி, எத்தல் மார்கரெட் பர்ன்சைடு என்ற அம்மையாரின் மேற்பார்வையில் செவிலியர்கள் வீடு வீடாகப் போனார்கள். பிறந்தபோது எடை என்ன, ஒரு வயதில் எடை என்ன, தாய்ப்பாலா, புட்டிப்பாலா என்று எழுதி வைத்தார்கள். எழுதியவர்களுக்கு ஆராய்ச்சி நோக்கம் ஏதும் கிடையாது. பிள்ளை பிழைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் அந்த ஏடுகளைத் தேடிப் பிடித்தார். அதிலே பெயர் இருந்த ஆண்கள் பின்னாளில் எந்த நோயில் மாண்டார்கள் என்று பார்த்தார். ஒரு வயதில் எடை குறைந்திருந்தவர்களை இருதய நோய் அதிகமாகக் கொண்டு போயிருந்தது! 1989-ல் அவர் அதை வெளியிட்டபோது மருத்துவ உலகம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளும் வரை சான்று சேர்ந்துகொண்டே போனது.

அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். நம் தமிழ்நாட்டிலேயே 1969 முதல் 1973 வரை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார், வேலூர் நகரிலும் கே.வி.குப்பம் வட்டாரக் கிராமங்களிலும் கருவுற்ற பெண்களைக் கண்டறிந்து, பிறந்த குழந்தைகளை அளந்து வைத்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள்! சிறு வயதிலும் விடலைப் பருவத்திலும் மறுபடி அளந்தார்கள். அவர்களிலே 2,218 பேரை, 26 முதல் 32 வயதுக்குள் இருக்கையில், தேடிப் பிடித்து இரத்தத்தைச் சோதித்தார்கள். அந்த இளம் வயதிலேயே சர்க்கரைக் கோளாறு தலைகாட்டியிருந்தது. நகரத்திலே கூடுதல்தான், ஆனால் கிராமமும் தப்பவில்லை. அதே ஆண்டுகளில் தில்லியிலே பிறந்தவர்களைத் தொடர்ந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: இரண்டு வயது வரை மெலிந்திருந்து, பின்னர் வேகமாகச் சதை போட்டவர்களையே இந்த நோய் அதிகமாகப் பிடித்தது. கருவிலே பட்டினியைப் பழகிய உடம்புக்கு, பிறகு வரும் சோறும் சீனியும் சுமையாகிவிடுகின்றன.

பட்டினி என்றவுடன் நம் பாட்டிமார் சொன்ன தாது வருஷம் நினைவுக்கு வரும். 1876-ல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் யார் வயிற்றில் எந்தப் பிள்ளை எத்தனை எடையில் இருந்தது என்று எழுதி வைக்க ஆள் இல்லை. பிணத்தை எண்ணவே ஆள் போதவில்லை! ஆனால் ஹாலந்து நாட்டிலே, 1944-ல், ரயில்வேத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்குப் பழி வாங்க நாஜிப் படை உணவை மறித்தது. அந்தக் குளிர்காலப் பட்டினியில் கருவிலிருந்த குழந்தைகளின் பிறப்பு ஏடுகள் தப்பிப் பிழைத்தன. ஐம்பது வயதில் அவர்களைச் சோதித்துப் பார்த்தால், பட்டினியின் தடம் இரத்தத்திலே இருந்தது. தண்டிக்கப்பட்டவர் தகப்பன், தண்டனையைச் சுமந்தது வயிற்றிலிருந்த பிள்ளை.

இன்னும் ஒரு செய்தி. பெண் சிசு தாய் வயிற்றில் இருக்கும்போதே, அதன் ஆயுளுக்குமான கருமுட்டைகள் அதற்குள் உருவாகிவிடுகின்றன. அதாவது, உங்கள் பாட்டி உங்கள் தாயைச் சுமந்து கொண்டு வெயிலில் களை பறித்தபோது, நீங்கள் பிறக்கப்போகும் முட்டையும் அங்கேதான் இருந்தது! மூன்று தலைமுறை ஒரே உடம்பில். மழை பொய்த்த ஓராண்டு ஓராண்டோடு முடிகிறதா என்பதை இதை வைத்து எண்ணிப் பாருங்கள்.

சரி, நமக்கு வழி இல்லையா? இருக்கிறது. கையிலே இருப்பதை நாம் பார்க்கவில்லை. தமிழ்நாட்டிலே கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் 'பிக்மி' எண் தருகிறார்கள். அந்தப் பெயரின் விரிவிலேயே 'ஒரே காலத்தில் பிறந்த கூட்டத்தைத் தொடர்ந்து கண்காணித்தல்' என்ற பொருள் அடங்கியிருக்கிறது. தாயின் எடை, இரத்த அளவு, சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்துப் பார்க்கும் சோதனை, பிள்ளையின் எடை, தடுப்பூசி — எல்லாம் ஏறுகின்றன. பிறகு அந்தக் கயிறு அறுந்துவிடுகிறது. அந்தப் பிள்ளை பதினைந்து வயதில் மில்லுக்குப் போனதா, இருபதில் தானே கருவுற்றதா என்று பழைய எண்ணோடு இணைத்துப் பார்ப்பார் இல்லை. நரிக்குடியில் வாழ்க்கைப்பட்டவள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறாள். பிழைப்புக்குத் திருப்பூர் போகிறாள். அலையும் கூட்டத்துக்கு அலையாத எண் ஒன்றாவது வேண்டாமா?

இதைத் தொடர்ந்து பார்ப்பதால் வயிறு நிறையுமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விருதுநகர் மாவட்டத்து வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1956-ல் காமராசர் ஆட்சியின் மதிய உணவு உண்டவள் பாட்டி. 1982-ல் வந்த சத்துணவு உண்டவள் மகள். 2022-ல் தொடங்கிய காலை உணவை உண்கிறவள் அந்த மகளின் பேத்தி. எந்த ஆட்சி போட்ட சோறானாலும் அது உடம்பிலே என்ன செய்தது என்பதை நாம் நிரூபித்துக் காட்டியாக வேண்டும். 'இலவசம், வீண்செலவு' என்று ஏளனம் செய்கிற கூட்டம் தில்லியிலிருந்து தெருமுனை வரை இருக்கிறதே! இந்தியாவின் பள்ளி உணவு பற்றி 2021-ல் வெளியான ஆய்வு, அந்த உணவை உண்டு வளர்ந்த பெண்களுக்குப் பிறந்த குழந்தைகள், அது கிடைக்காத பெண்களின் குழந்தைகளைவிட உயரமாய் வளர்ந்ததைக் காட்டியது. தாய் தின்ற சோறு பிள்ளையின் எலும்பிலே தெரிகிறது. ஏடு இருந்ததால்தான் வாயடைக்க முடிந்தது.

எச்சரிக்கையும் வேண்டும். அளந்து விட்டுப் பசியோடு அனுப்புவது பாவம். புனே நகருக்கு அருகே ஆறு கிராமங்களில் 1993 முதல் தாய்மாரைத் தொடர்ந்தவர்கள் அளந்ததோடு நிற்கவில்லை. அங்கே பிறந்து வளர்ந்த ஆணுக்கும் பெண்ணுக்கும், அவர்கள் பெற்றோராகும் முன்பே சத்து மாத்திரை கொடுத்து, அடுத்த தலைமுறையின் எடையைப் பார்த்தார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். சம்மதம் கேட்காமல் ஒரு சொட்டு இரத்தமும் எடுக்கக் கூடாது. நம் உடம்பின் கணக்கு மருந்துக் கம்பெனிக்கோ காப்பீட்டுக் கம்பெனிக்கோ சரக்காகக் கூடாது. கண்டது என்ன என்பதைக் கண்டவர்களுக்கே தமிழில் வந்து சொல்ல வேண்டும்.

இன்னொன்று, ஆண் தோழர்களுக்கு. இந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு "அப்போ எங்காத்தா ஒழுங்காச் சாப்பிடாததுதான் காரணமா?" என்று கேட்டார் ஒருவர். ஆத்தா ஏன் சாப்பிடவில்லை? கூலி போதவில்லை, அது ஒன்று. எல்லோருக்கும் போட்டுவிட்டுச் சட்டியைச் சுரண்டியது அவள், அது மற்றொன்று. முதலாவதற்கு முதலாளியைக் கேட்போம். இரண்டாவதற்கு யாரைக் கேட்பது? இன்று இரவு உங்கள் வீட்டிலே கடைசியாகச் சாப்பிடப் போவது யார்?

டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி பெயரால் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் உதவி வருகிறதே, அதிலே பேரீச்சம்பழம் யார் வாயில் போகிறது என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

மே முதல் நாள் கிராம சபை கூடும். செங்கொடியோ வேறு கொடியோ ஏற்றிவிட்டு, அங்கே போய் உட்காருங்கள். சாலை, குடிநீர், நூறு நாள் வேலைச் சம்பளம் எல்லாம் கேட்பீர்கள், கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: நம் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா? இருபது ஆண்டுகளுக்கு முந்திய பிறப்பு எடை ஏடு அலமாரியில் இருக்கிறதா, அல்லது கரையானுக்கும் பழைய பேப்பர் கடைக்கும் போய்விட்டதா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.