தகரப் பெட்டியில் இருக்கும் பங்குப் பத்திரம்

சென்ற வாரம் மாணவி ஒருவர் தமக்கு வந்த பணிநியமனக் கடிதத்தை என்னிடம் காட்டிக் கருத்துக் கேட்டார். தேவிகுளம் வட்டத்து எஸ்டேட் லயம் ஒன்றில் பிறந்தவர். பாலக்காட்டில் பொறியியல் முடித்தவர். பெங்களூருவில் உள்ள ஒரு சிறு மென்பொருள் நிறுவனம் வேலை தந்திருக்கிறது. சம்பளம் அவர் எதிர்பார்த்ததில் ஏறக்குறையப் பாதி. மீதிக்கு ஈடாக ஊழியர் பங்கு விருப்புரிமை, இளைஞர் மொழியில் 'ஈசாப்', நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கைக்கு வரும் என்று எழுதியிருந்தது. வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகள் குவிந்திருந்தன. இனி நீயும் ஒரு முதலாளி என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அந்தச் சொல்லைப் படித்ததும், உன் அம்மாவும் பங்குதாரர்தானே என்று கேட்டேன். மாணவி ஒரு கணம் விழித்தார். பிறகு, ஆமாம், ரேஷன் அட்டையோடு தகரப் பெட்டியில் ஒரு காகிதம் இருக்கிறது என்றார்.

தொழில்நுட்ப ஆர்வலர்கள் இணையத்தில் கூடும் இடங்களில் பணிநீக்கம், முதலீடு, செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக ஓயாமல் பேசப்படும் பொருள் இந்தப் பங்குதான். பேசுவதற்குக் காரணமும் இருக்கிறது. 2021 செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டபோது, அதன் இந்திய ஊழியர்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்கள் ஆனதாக நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் கூறினார். சென்னையில் தொடங்கிய நிறுவனம் என்பதால் தமிழ் இளைஞர்களிடம் அச்செய்தி ஒரு புராணக் கதையின் செல்வாக்கைப் பெற்றுவிட்டது. அதைப் பொய் என்று சொல்ல வரவில்லை. ஊழியரைப் பங்குதாரராக்குவது கலிபோர்னியாவிலிருந்து வந்த புதுமை என்று நம் மாணவர்கள் நினைப்பதுதான் வியப்பளிக்கிறது. அது மூணாறு மலையில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது. நடத்திப் பார்த்தவர்கள் தமிழ் பேசும் கொழுந்தெடுக்கும் பெண்கள்.

தேயிலை விலை வீழ்ந்து, பீர்மேட்டுப் பக்கம் பல தோட்டங்கள் கைவிடப்பட்டிருந்த காலம் அது. டாடா டீ நிறுவனம் மூணாறுத் தோட்டங்களை நடத்தும் பொறுப்பிலிருந்து விலகியது. 2005இல் கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி அப்பொறுப்பை ஏற்றது. பங்குகளின் பெரும்பகுதி ஊழியர்களுக்கு உரியதாயிற்று. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணிபுரியும் ஒரு தோட்டக் கம்பெனியில் தொழிலாளர்களே பெரும்பான்மைப் பங்குதாரர்கள் என்பது உலக அளவிலும் அரிய ஏற்பாடு. பீர்மேட்டில் நேர்ந்தது மூணாற்றில் நேரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பத்தாண்டுகள் கழித்து, 2015 செப்டம்பரில், அதே பங்குதாரப் பெண்கள் மூணாறு நகரின் சாலையில் உட்கார்ந்தார்கள். முந்தைய ஆண்டு 19 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடாகக் குறைந்தது உடனடிக் காரணம். நாள்கூலி அப்போது 232 ரூபாய். அவர்கள் கேட்டது 500. மூன்று பெரிய தொழிற்சங்கங்களையும் அவர்கள் தள்ளி நிறுத்தினார்கள். பெம்பிளை ஒருமை என்று பின்னர் பெயர் பெற்ற அந்தப் போராட்டம் ஒன்பது நாள் நீடித்தது. முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் நடந்த பேச்சில் 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத் தொகையுமாக 20 விழுக்காடு தர ஒப்புக்கொள்ளப்பட்டது. கூலி அடுத்த மாதம் 301 ரூபாயாக உயர்ந்தது.

இதை வழக்கமாகத் தொழிற்சங்க அரசியலாகவோ பெண்ணிய எழுச்சியாகவோ படிக்கிறோம். இரண்டும் சரியே. எனக்கு வேறொரு கேள்வி. கம்பெனி தம்முடையது என்றால் அவர்கள் யாரை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள்? இலாபம் குறைந்ததால் போனஸ் குறைந்தது என்று நிர்வாகம் சொன்னது. கணக்குப் புத்தகத்தின்படி அது பங்குதாரர்களுக்கு விளங்க வேண்டிய விளக்கம். விளங்கவில்லை, ஏனெனில் அந்த முடிவு எடுக்கப்பட்ட அறையில் கொழுந்துக் கூடை சுமப்பவர் எவரும் பேசவில்லை. பெட்டியில் இருந்த காகிதத்தால் ஒரு விழுக்காட்டைக்கூட மாற்ற முடியவில்லை. சாலையில் உட்கார்ந்ததால் பத்து விழுக்காடு மாறியது.

நம் மென்பொருள் இளைஞரின் நிலை இதற்கும் ஒரு படி கீழே. மூணாறுப் பெண்ணிடம் இருப்பது பங்கு; இவரிடம் இருப்பது பங்கை வாங்கிக்கொள்ளலாம் என்ற வாக்குறுதி. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின்கீழ் 2014இல் வந்த விதிகளின்படி, விருப்புரிமை தந்த நாளுக்கும் அது கைவசமாகும் நாளுக்கும் இடையே குறைந்தது ஓராண்டு செல்ல வேண்டும். விருப்புரிமையைப் பயன்படுத்திப் பங்கு ஒதுக்கப்படும்வரை ஈவுத்தொகையும் இல்லை, வாக்குரிமையும் இல்லை. பயன்படுத்தும்போதோ, பங்கின் அன்றைய மதிப்புக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வேறுபாடு சம்பள வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படும். விற்க முடியாத பங்குக்கு வரி கட்ட நேரலாம் என்பதை அந்த வாட்ஸ்அப் குழுவில் ஒருவரும் சொல்லவில்லை.

மதிப்பீடு என்பதும் அப்படித்தான். 2022இல் பைஜூஸ் நிறுவனத்தின் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். 2024 அக்டோபரில் அதன் மதிப்பு பூஜ்யம் என்று நிறுவனரே சொன்னார். இடையில், 2022 அக்டோபரில், திருவனந்தபுரம் டெக்னோபார்க் அலுவலக ஊழியர்கள் பதவி விலகக் கட்டாயப்படுத்தப்படுவதாகத் தொழிலாளர் நலத்துறை அமைச்சரிடம் முறையிட்டார்கள். சில நாள்களில், அந்த அலுவலகம் தொடரும் என்று நிறுவனம் அறிவித்தது. அங்கும் கைகொடுத்தது கூடிச்சென்று முறையிட்டதுதான்.

மென்பொருள் ஊழியர் பிடிக்காவிட்டால் வேறு வேலைக்குப் போகலாம், தோட்டத் தொழிலாளியால் அது முடியுமா என்று நண்பர் ஒருவர் மறுத்தார். வேறுபாடு உண்மைதான். லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. ஓய்வு பெற்றால் வீட்டையும் விட வேண்டும். ஆனால் இந்த மாணவி வேலைக்குப் போவதே அதற்காகத்தான். அம்மா ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. அதற்குள் ஒரு வீட்டுக்கு வழி செய்ய வேண்டும். விருப்புரிமைக் காகிதத்தைக் காட்டி வாடகைக்கு வீடு எடுக்க முடியாது. பிடிக்காவிட்டால் விலகலாம் என்ற சுதந்திரம், ஊரில் சொந்த வீடு உள்ளவருக்கும் லயத்தில் பிறந்தவருக்கும் ஒரே அளவினதல்ல. இணைய உரையாடல்களில் இந்த வேறுபாடு எழுவதே இல்லை, பேசுபவர்களில் பெரும்பாலோருக்குப் போவதற்கு ஒரு வீடு இருப்பதால்.

கடிதத்தை ஏற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆய்வு மாணவனுக்குப் பிறர் வயிற்றுப்பாட்டில் அறிவுரை சொல்லும் தகுதி குறைவு (என் உதவித்தொகையே மூன்று மாதமாக வரவில்லை). இருவரும் உட்கார்ந்து நான்கு கேள்விகளை எழுதினோம். நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் எத்தனை? விருப்புரிமையின் விலை என்ன? ஓராண்டுக்குமுன் நிறுவனமே வேலையைவிட்டு நீக்கினால் என்னவாகும்? விலகிய பின் எத்தனை நாளுக்குள் பங்கை வாங்க வேண்டும்? திங்கட்கிழமை அனுப்பினார். நேற்று பதில் வந்தது: இவை பணியில் சேர்ந்தபின் விளக்கப்படும். மாணவி அதைத் தமிழில் அம்மாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினாராம். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள் என்றாராம் அம்மா.