பேச்சுப் பிரெஞ்சு

நம் பள்ளிகளில் பிரெஞ்சு பாஷையை எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் பலர். மார்க்கு தாராளமாகக் கிடைக்கும் என்பதே பெரும்பாலும் காரணம். (குறை கூறவில்லை, மார்க்கு வேண்டாமென்று சொல்ல உபாத்தியாயருக்கு வாயேது?) ஆனால் அவர்கள் கற்பது புஸ்தகப் பிரெஞ்சு. 'எனக்குத் தெரியாது' என்பதற்கு அதிலுள்ள வாக்கியம் 'ஜ நெ ஸே பா'. பிரான்ஸ் தேசத்து வீதியில் காதில் விழுவதோ 'ஷே பா'! எதிர்மறைக்குரிய 'நெ' பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. 'நாங்கள்' என்பதற்கு இலக்கணம் 'நூ' என்று விதித்திருக்க, ஜனங்கள் 'ஓன்' என்கிறார்கள்.

ஐரோப்பியக் கவுன்சில் 2001-ஆம் வருஷத்தில் பாஷைத் தேர்ச்சிக்கு ஆறு படிகள் வகுத்து வெளியிட்டது. நம்மிடம் படித்த பெண்ணொருத்தி நான்காம் படியில் தேறி, மேற்படிப்புக்காக லியோன் நகரம் சென்றாள். ஒரு மாதத்திற்குள் கடிதம் வந்தது. பேராசிரியரின் பிரசங்கம் புரிகிறதாம்; பக்கத்து அறைப் பெண் கேட்கும் கேள்வி புரியவில்லையாம். "ஊருக்கே திரும்பிவிடட்டுமா?" என்று எழுதியிருந்தாள்.

'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதிவிட்டு 'வந்துக்கிட்டிருக்கேன்' என்று பேசும் தமிழச்சி இதற்கு அஞ்சலாமா என்று பதில் எழுதினோம். தமிழைப் புஸ்தகத்தில் மட்டும் கற்ற அயல்நாட்டார் மதுரைச் சந்தையில் விழிப்பதும் இதே விழிப்புத்தான்.

அவள் திரும்பவில்லை. ஓர் அப்பியாஸம் மேற்கொண்டாள். வானொலிச் செய்தி அதற்கு உதவாது. செய்தி வாசிப்பவர் புஸ்தகத்தை ஒட்டிப் பேசுகிறவர். இருவர் சாதாரணமாக உரையாடும் இரண்டு நிமிஷப் பகுதியைத் தினந்தோறும் பலமுறை கேட்பாள். காதில் விழுந்ததை எழுதுவாள். பிறகு எழுத்து வடிவத்துடன் ஒத்துப்பார்ப்பாள். எட்டாம் மாதம் வந்த கடிதத்தில், ஆண்பால் பெண்பால் இன்னும் தவறுவதாகவும், தொலைபேசி இன்னும் கலக்குவதாகவும் எழுதியிருந்தாள். ஆனால் பக்கத்து அறைப் பெண் ஏதோ கேட்க, யோசியாமலே 'ஷே பா' என்று வாயில் வந்துவிட்டதாம். 'நெ' எங்கே போயிற்று என்று அப்புறந்தான் தேடினாளாம்! பரீக்ஷையில் இதற்கு மார்க்கு உண்டோ இல்லையோ, நாம் நூற்றுக்கு நூறு போட்டுவிட்டோம்.

எண்கள் மட்டும் வசப்படவில்லை. பிரெஞ்சில் 97 என்பது 'நான்கு இருபது பதினேழு'. காய்கறிக்காரி 'நான்கு இருபது' என்றதும் இவள் 80-க்குச் சில்லறை எண்ணத் தொடங்கிவிடுகிறாள். பெல்ஜியத்திலும் ஸ்விட்ஸர்லாந்திலும் தொண்ணூறுக்குத் தனிச் சொல் உண்டு என்று தேறுதல் எழுதியிருக்கிறோம். லியோன் சந்தையில் அது செல்லாது.