அலமாரி ஊதினால் மழையா குற்றவாளி?

ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த ஒரே நாளில் மயிலத்தில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை! திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. இப்படி வெள்ளம் வடிந்த பிறகு பிளைவுட் அலமாரி ஊதிப்போய் நின்றால், எல்லோரும் மழையைத்தான் திட்டுவார்கள். ஆனால் அந்தப் பலகையின் தலையெழுத்து தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டுவிட்டது.

மெல்லிய மரத்தாள்களைப் பசை தடவி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, சூடான பிரஸ்ஸில் அழுத்தினால் பிளைவுட். தாள்கள் நன்றாகக் காயாவிட்டால் பிரஸ்ஸின் சூட்டில் உள்ளே நீராவி கிளம்பி, பலகை கொப்பளித்து, பசை விட்டுப்போகும். அவசரப்பட்டு சீக்கிரம் வெளியே எடுத்தாலும் பசை முழுதாக இறுகாது. பசையிலும் வித்தியாசம் உண்டு. யூரியா பசை விலை குறைவு, தண்ணீருக்குத் தாங்காது. ஃபீனால் பசை தாங்கும், ஆனால் கூடுதல் சூடு வேண்டும். சூடு, நேரம், பசை எல்லாமே காசு. விலையைக் குறைக்க நினைப்பவர் கை வைப்பதும் இங்கேதான்.

கடையில் பார்ப்பவருக்கு இது எதுவும் தெரியாது. தடிமனும் பளபளப்பும் மட்டுமே தெரியும். "வாட்டர் புரூஃப் சார்" என்ற வாய்வார்த்தை போதாது நண்பர்களே! ஐ.எஸ். 710 தரத்துக்குப் பலகையை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள், தர எண்ணை பில்லில் எழுதி வாங்குங்கள். நாளை நுகர்வோர் ஆணையத்தில் பேசப்போவது அந்த பில்தான்.